களப்பின் வாசலில் ஒரு கோட்டை

கற்பிட்டிக் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஒல்லாந்தர் அதை 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்தார்கள், நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் உண்டு, சுவர்கள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை, வாசல் வளைவு மட்டும் சுட்ட செங்கல்லால் ஆனது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அத்தனையும் சரியே. ஆனால் இக்கோட்டை யாரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது என்ற கேள்வி எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் அதிகம் எழுவதில்லை. நான் எத்தாளைப் பகுதியில் வரலாறு படிப்பிக்கிறவன். கோட்டைப் பாடம் வந்தால் பிள்ளைகள் தவறாமல் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சேர், கோட்டைக்குள்ள சுரங்கப் பாதை இருக்காமே, மெய்யா?" யாரைத் தடுக்கக் கட்டினார்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "கடலால வாற எதிரிய" என்று ஒரே குரலில் பதில் வரும்.

கோட்டை நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தப் பதிலோடு நின்றுவிடமாட்டார்கள். நமது குடாநாட்டின் மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. கோட்டை இருப்பது களப்புப் பக்கம். இந்தச் சிறிய உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, பாலாவியிலிருந்து கற்பிட்டி வரையுள்ள ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் பாதையைச் சைக்கிளில் வாசித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர், "நீங்கள் நிற்கும் நிலத்திலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்" என்று அடிக்கடி சொல்வார். நிலத்திலிருந்து தொடங்குவதற்குச் சைக்கிள் தோதான வாகனம். பஸ்ஸில் போனால் ஊர்கள் கடந்துபோகின்றன. சைக்கிளில் போனால் ஒவ்வொரு வேலியிலும் நிறுத்தலாம், ஆட்களோடு கதைக்கலாம், கிணற்றை எட்டிப் பார்க்கலாம்.

ஒரு கச்சான் காலத்து விடுமுறையில் நானும் சக ஆசிரியர்கள் இருவரும் புறப்பட்டோம். முதல் நாள் எத்தாளையிலிருந்து தெற்கே புத்தளம் வரை எதிர்காற்றில் மிதித்து, அங்கே நண்பரொருவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்ததும் திரும்பி, பாலாவிச் சந்தியிலிருந்து வடக்கு நோக்கிய பயணத்தை ஆரம்பித்தோம். இரண்டு நாளிலும் ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். பெரிய சாகசம் ஒன்றுமில்லை. நமது தோட்டத் தொழிலாளர்கள் வருடம் முழுவதும் மிதிக்கும் பாதைதான் அது.

உப்பு

பயணத்தின் முதல் ஆவணம் பாலாவியின் உப்பளம். வறட்சிக் காலமாதலால் உப்பு விளைந்திருந்தது. பாத்திகளில் வெள்ளையாகப் படிந்திருந்ததை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். புத்தளம் என்ற பெயரே உப்பு அளம் என்பதிலிருந்து வந்ததென்று சொல்வோர் உண்டு. பெயராய்வை மொழியறிஞர்களிடம் விட்டுவிடலாம். உப்பு இல்லாவிட்டால் இந்தக் களப்புக்கு அரசியல் முக்கியத்துவம் இருந்திராது என்பதை மட்டும் நாம் மனங்கொள்ள வேண்டும்.

1344 இல் இப்னு பதூதா இந்தக் கரையில்தான் இறங்கினார். மாலைதீவிலிருந்து தமிழகத்தின் மஃபர் கரைக்குப் போகப் புறப்பட்டவரைக் காற்று இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அவர் ‘பத்தாலா’ என்று குறிப்பிடும் ஊரை ஆய்வாளர்கள் புத்தளம் என்று கொள்கிறார்கள். மரத்தாலான மதிலும் மரக் காவற்கோபுரங்களும் உள்ள சிறிய ஊர் அது. ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்ததை அவர் கண்டார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, பாவாதமலைக்குப் போகப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினான். அந்த மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் பதூதா எழுதுகிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றாறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் களப்பு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது என்பதற்கு இது சாட்சி.

பிற்காலத்தில் கண்டி இராச்சியத்தின் மூச்சுக்குழாய்களில் ஒன்றாகப் புத்தளம் ஆயிற்று. மலைநாட்டில் உப்பு விளையாது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து மேலே போகவேண்டும். பாக்கு கீழே இறங்கவேண்டும். இந்தப் போக்குவரத்தைப் பொதிமாடுகளின் ‘தவளம்’ செய்தது. தவளத்தை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள் என்பதைப் பேராசிரியை லோனா தேவராஜா தமது இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் (1994) விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடமளித்து, நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது நாமெல்லாரும் அறிந்த செய்தி. அந்த இரக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. இடமளிக்கப்பட்டவர்கள் கடலையும் கரையையும் வணிகத்தையும் அறிந்தவர்கள். கரையை இழந்துகொண்டிருந்த ஓர் அரசுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள்.

வாய்க்கால்

பாலாவியிலிருந்து மேற்கே திரும்பிக் களப்பின் தென்முனையைச் சுற்றிப் போகும் பாதையில் ஒரு பாலம் வருகிறது. கீழே ஒல்லாந்தர் வாய்க்கால். இன்று அதில் பாசியும் தேங்கிய நீரும்தான். இரண்டு நிமிடம் சைக்கிளை மதகில் சாய்த்துவிட்டுப் பார்த்தோம். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் களப்புக்கு வந்து சேரும் நீர்வழியின் ஒரு துண்டு இது. இயற்கையான களப்புகளையும் பழைய மன்னர் காலத்து வாய்க்கால்களையும் ஒல்லாந்தர் ஒன்றோடொன்று இணைத்தார்கள். பிரித்தானியர் அதைத் திருத்தி நீட்டினார்கள். கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே 1802 முதல் 1804 வரை வெட்டப்பட்ட ஹமில்டன் வாய்க்கால் அதன் இன்னொரு அங்கம். மேற்குக் கரையில் கச்சான் அடிக்கும் மாதங்களில் சிறு மரக்கலங்கள் பெருங்கடலில் போக முடியாது. உள்நாட்டு நீர்வழி என்றால் வருடம் முழுவதும் சரக்குப் போகும்.

வரைபடத்தில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். களப்புக்கு இரண்டு வாசல்கள். வடக்கே கடலோடு சேரும் இயற்கை வாசல், தெற்கே கொழும்பை நோக்கிய வாய்க்கால் வாசல். தெற்கு வாசலை ஒல்லாந்தர் தமக்காக வெட்டிக்கொண்டார்கள். வடக்கு வாசலில் என்ன செய்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மணலும் கிணறும்

நுரைச்சோலையை நெருங்கும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வெகுதூரத்திலிருந்தே தெரிகிறது. 2011 இல் முதலாவது அலகும் 2014 இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கி, மொத்தம் 900 மெகாவாற்று. கரையோரமாகக் காற்றாலைகள். வருங்கால வரலாற்று மாணவன் ஒருவன் எங்கள் குடாநாட்டைப் பற்றி எழுதும்போது கோட்டை, வாய்க்கால், அனல்மின் நிலையம் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைப்பானோ என்ற எண்ணம் வந்தது. மூன்றும் இந்த மண்ணில் நிற்கின்றன. மூன்றின் தேவையும் வேறிடத்தில் உருவானது.

ஆனால் இந்தப் பாதையில் அதிகம் கண்ணில் படுவது இவை எதுவுமல்ல, தோட்டங்கள்தான். தென்னந்தோப்புகளுக்கு இடையே வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, பீர்க்கு, பாகல். வெளியூரார் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். வெறும் கடல்மணல். ஆறு இல்லை, குளம் இல்லை. பிறகெப்படி விளைகிறது?

பதில் மணலுக்கு அடியில் இருக்கிறது. வாடைக் காலத்து மழை மணலுக்குள் இறங்கிச் சேர்கிறது. இரு பக்கத்து உப்புநீரும் கீழே நிற்க, அதைவிடப் பாரம் குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. சில முழம் தோண்டினால் நல்ல தண்ணீர். அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். ஆகவே இங்கே தோட்டம் செய்வதென்பது எவ்வளவு இறைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதுதான். எங்கள் மூத்தவர்கள் துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே அந்த அளவைத் தீர்மானித்தது. இறைப்பு மெசின் வந்த பிறகு தோள் ஓய்ந்தது, அளவும் மாறியது. மணலில் பசளை தங்காது. போட்டதில் பெரும்பகுதி தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். கோட்டைச் சுவர் இடிந்தால் தொல்லியல் திணைக்களத்துக்கு மனுப்போடுகிறோம். நமது நன்னீர் வில்லை அதைவிடப் பழையது, அதைவிட மெல்லியது. அது கெட்டால் யாருக்கு மனுப்போடுவது?

நான் இதை விவசாயப் பாடமாகச் சொல்லவில்லை. கோட்டைக்குள் இருந்த சிப்பாயும் இந்த வில்லையின் தண்ணீரைத்தான் குடித்தான். வெளியே உப்பு அள்ளியவனும் அதையே குடித்தான். இந்த மண்ணில் மனிதர் தொடர்ந்து வாழ முடிந்ததற்கு முதற் காரணம் இது. கோட்டையைக் கட்டியவர்கள் கல்லில் ஆண்டு பொறித்துவிட்டுப் போனார்கள். கிணறு தோண்டியவர்கள் எதையும் பொறிக்கவில்லை.

அவர்கள் விட்டுச்சென்றது பெயர்கள். சைக்கிளில் போகும்போது பெயர்ப்பலகைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனோம். ஆலங்குடா, மாம்புரி, கண்டக்குழி, குறிஞ்சிப்பிட்டி, பள்ளிவாசல்துறை. மரம், குடா, குழி, பிட்டி, துறை. பள்ளிவாசல்துறை என்ற ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியும் துறையும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சொல், இந்தக் களப்பில் படகோட்டிய சமூகம் எது என்பதை எந்தக் கல்வெட்டையும்விடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. மறுபுறம், கடல்வரைபடங்களைப் பாருங்கள். களப்பின் வடக்கு வாய்க்கு வெளியேயுள்ள இரு குடாக்களும் அவற்றில் ‘ஒல்லாந்தர் குடா’, ‘போர்த்துக்கேயர் குடா’ என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. கற்பிட்டியும் அவர்கள் வாயில் ‘கல்பென்டைன்’ ஆயிற்று. கப்பலில் வந்தவன் குடாவுக்குப் பெயர் வைத்தான். கரையில் இருந்தவன் துறைக்குப் பெயர் வைத்தான். இரண்டையும் வைத்துத்தான் வரலாற்றை வாசிக்க வேண்டும்.

தலவிலவில் சற்று நேரம்

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்து மரநிழலில் இளைப்பாறினோம். பயணிகள் கொடுத்துவிட்டுப்போன பிஸ்கட்டைக் காகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மார்ச்சிலும் ஜூலை, ஆகஸ்ட் காலத்திலும் நடக்கும் பெருவிழாக்களுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கத்தோலிக்கர் வருவார்கள். மற்ற மதத்தாரும் வருவதுண்டு.

இந்த இடத்தில் ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். ஒல்லாந்தர் தமது ஆட்சிப் பகுதியில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தார்கள். குருமாருக்கு இடமில்லை. கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள், யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி கூடியபோது, 1690 இல் வந்து சேர்ந்த ஊர் புத்தளம். ஏன் புத்தளம்? அது கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்தது. பின்னாளில் இலங்கையின் முதலாவது புனிதராக 2015 இல் அறிவிக்கப்பட்டவர் அவர். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்கு இடம்கொடுத்த அதே இராச்சியம், ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கக் குருவுக்கும் இடம்கொடுத்தது. புத்தளத்துக்கு வந்துசேர்வதென்பது அன்றைக்கு ஒருவகையில் தப்பிப் பிழைப்பதாக இருந்தது.

கோட்டை

மதியத்துக்கு முன் கற்பிட்டியை அடைந்தோம். கோட்டை கடற்படை வளவுக்குள் இருக்கிறது. அனுமதி பெற்று, ஒரு வீரர் கூடவர உள்ளே போனோம். வாசல் வளைவின் செங்கல், அதற்கு மேலே மணிமாடம், உள்ளே கூரையற்ற கட்டிடங்களின் சுவர்கள், பழைய சிற்றாலயம் ஒன்றின் மிச்சம். சுவரின்மேல் ஏறி நின்றோம். முன்னே களப்பு. சில வள்ளங்கள் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்த்துக்கேயர் காலத்தில், 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இது யேசு சபையினரின் பணித்தளமாக இருந்தது. 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். 1656 இல் கொழும்பு விழுந்தது. கைப்பற்றிய கோட்டையை மன்னனிடம் கொடுக்காமல் ஒல்லாந்தரே வைத்துக்கொண்டார்கள். 1659 இல் கற்பிட்டியும் அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் களப்பின் உட்புறத்திலிருந்த புத்தளத் துறை கண்டியோடே இருந்தது. ஆக, ஒரே களப்பில் உள்ளே கண்டி மன்னனின் துறை, வாசலில் ஒல்லாந்தன்.

இந்த நிலையை நேரில் அறிந்து எழுதிய ஒருவர் இருக்கிறார். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்து, மல்வத்து ஓயா வழியாக அரிப்புக்குத் தப்பிப்போன ஆங்கில மாலுமி றொபேர்ட் நொக்ஸ். 1681 இல் லண்டனில் வெளிவந்த அவரது நூலில் புத்தளத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வருகிறது. நாட்டின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் இத்துறையிலிருந்தே போகின்றன என்றும், கடலுக்குள் நீண்ட முனையில் ஒல்லாந்தர் கோட்டை வைத்திருப்பது படகுகள் வராமல் தடுப்பதற்காக என்றும் அவர் சொல்கிறார். அந்த இரண்டு வரியில் நமது கேள்விக்கான விடை இருக்கிறது. தடுக்கப்பட்டவை படகுகள். யாருடைய படகுகள்? தென்னிந்தியக் கரையிலிருந்து அரிசியும் துணியும் கொண்டுவந்து பாக்கு ஏற்றிப்போனவர்களின் படகுகள். பெரும்பான்மை நம்மவர்களின் படகுகள்.

ஒல்லாந்தக் கம்பனியின் கண்ணில் முஸ்லிம் வணிகர் தீராத தலைவலி. பாக்கிலும் துணியிலும் கம்பனி ஏகபோகம் கோரியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் மரக்கலம் ஓட முடியாது. பேராசிரியர் சி. அரசரத்தினம் 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்தர் ஆட்சி பற்றி எழுதிய ஆய்வு, கண்டித் துறைகளின் கழுத்தை நெரித்த இந்தக் கொள்கையை ஆவணங்களோடு விளக்குகிறது. கம்பனியின் பகுதிகளில் வாழ்ந்த சோனகருக்கும் செட்டிகளுக்கும் வேறொரு பாரமும் இருந்தது. அவர்களை அந்நியராகக் கணித்து, வருடத்தில் குறிப்பிட்ட காலம் கட்டாய வேலை, அல்லது அதற்கீடாகப் பணம். அதற்குக் கம்பனி வைத்திருந்த பெயர் நமது மொழியிலிருந்து எடுத்தது: ஊழியம்.

எனவே கற்பிட்டிக் கோட்டையை ஒரு பூட்டு என்று சொல்வேன். வீட்டுக்கு வெளியே நிற்பவன் வாசலில் போட்ட பூட்டு. உள்ளேயிருந்து களப்பைக் கடந்து வெளியே போகவும் முடியாது, வெளியிலிருந்து உள்ளே வரவும் முடியாது. கோட்டை ஏன் பெருங்கடலைப் பார்க்காமல் களப்போரம் நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இந்தப் பூட்டு ஏறத்தாழ நூறு வருடம் வேலைசெய்தது. முற்றாக வேலைசெய்யவில்லை என்பதற்கும் சான்று உண்டு. முற்றாக வேலைசெய்திருந்தால் கம்பனி கடைசியில் போர் தொடுத்திருக்க வேண்டியதில்லை. 1765 இல் கண்டி நகர்வரை படையெடுத்து, 1766 பெப்ரவரி 14 இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படிதான் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டிக் குடிகள் கரைக்கு வந்து உப்பு எடுத்துச் செல்லும் உரிமை மட்டும் எஞ்சியது. ஒரு காலத்தில் தமது சொந்தத் துறையாக இருந்த இடத்துக்கு, அனுமதி பெற்று உப்பு அள்ளப் போனார்கள். புத்தளமும் கையில் வந்தபின் பூட்டுக்குத் தேவை இல்லாமற்போனது. 1795 நவம்பரில் கோட்டை ஆங்கிலேயரிடம் பணிந்தது.

கல்லறைகளும் ஒரு முதலியாரும்

கோட்டைக்கு அருகே நகருக்குள் ஒல்லாந்தர் காலத்துச் சிறிய ஆலயம் ஒன்று உண்டு. கல்லறைக் கற்களில் குடும்பச் சின்னங்களும் நீண்ட பெயர்களும். எங்கோ குளிர்நாட்டில் பிறந்து, இந்த வெயிலில், காய்ச்சலிலோ பிள்ளைப்பேற்றிலோ இறந்த மனிதர்கள். பூட்டுப் போட்டவர்கள் என்பதற்காக அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. அவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான்.

கற்பிட்டி மண்ணில் பிறந்து உலகறிந்தவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போகக்கூடாது. சைமன் காசிச்செட்டி. 1807 இல் இங்கே பிறந்தவர். இருபத்தேழாவது வயதில், 1834 இல், இலங்கை முழுவதற்குமான இடவிளக்க அகராதியை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1859 இல் அவர் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்த முன்னோடி நூல். அதில் உமறுப்புலவருக்கும் இடமுண்டு. இலங்கைச் சோனகரின் பழக்கவழக்கங்கள் பற்றியும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அயல்வீட்டு முஸ்லிம்களின் கல்யாணத்தையும் பெருநாளையும் பார்த்து வளர்ந்த ஒருவரின் எழுத்து அது. இருநூறு வருடங்களுக்கு முன் இந்த மணற்றிட்டில் பிறந்த ஒரு கத்தோலிக்கத் தமிழர் தன் ஊரையும் அயலாரையும் எழுதினார். முஸ்லிம்களாகிய நாம் அதற்குப்பின் நமது ஊரைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? கேள்வி கடினமானது. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம்தான் இதைக் கேட்க முடியும்.

திறந்த கதவு

திரும்பி வரும் வழியில், வெங்காயத் தோட்டமொன்றின் கிணற்றடியில் தண்ணீர் குடிக்க நின்றோம். அறுபதைத் தாண்டிய ஒருவர் வாளியில் மொண்டு தந்தார். எங்கே போய்வருகிறோம் என்று கேட்டார். சொன்னோம்.

"கோட்டையப் பாத்தீங்க, சரி சேர். நாங்க வந்து இறங்கின கரையப் பாத்தீங்களா? அதுக்குப் பலகை ஒண்ணும் போடல்ல."

அவர் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் வந்து இறங்கியது கற்பிட்டிக் கரையில். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் பாடசாலை மூடப்பட்டது விடுமுறைக்காக அல்ல என்பது வகுப்பறைக்குள் கிடந்த பாய்களைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. என் உம்மா மூன்று நாள் அடுப்பை அணைக்கவில்லை. ஊரில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான். பிறகு தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சொந்த ஊரில் வயலும் கடையும் வைத்திருந்தவர்கள் இங்கே நாட்கூலிக்கு வெங்காயம் நட்டார்கள்.

இனிமையான பகுதியை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாறாகாது. மாதங்கள் வருடங்களானபோது கூலியில், காணியில், கிணற்றில், பாடசாலைக் கதிரையில் நெருக்கடி வந்தது. ‘அகதி’ என்ற சொல் பிள்ளைகளின் வாயில் வசையாகப் புழங்கியதும் உண்டு. ‘ஊரான்’ என்ற சொல் மறுபக்கத்தில் அதே சூட்டோடு புழங்கியது. 2009 இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள், சிலர் இங்கேயே இருக்கிறார்கள், இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கால் வைத்திருப்போர் பலர். இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் யார் எந்த வழியில் வந்தவர் என்பது பெயரேட்டைப் பார்த்தால் தெரியாது. பேச்சில் ஒரு சொல் தடக்கினால்தான் தெரியும்.

அந்தக் கிணற்றடிக்குப் பிறகு மீதிப் பாதையில் நாங்கள் மூவரும் அதிகம் பேசவில்லை. நான் யோசித்துக்கொண்டு வந்தது இதுதான். 1667 இல் படகுகள் வராமல் தடுக்க ஒரு கோட்டை கட்டப்பட்ட அதே கரையில், 1990 இல் படகுகள் வந்து சேர்ந்தன. தடுத்ததற்கு மதில் இருக்கிறது, கல்லில் ஆண்டு இருக்கிறது, காவல் இருக்கிறது. வரவேற்றதற்கு ஒரு பலகைகூட இல்லை. சோறு சமைத்த பானைக்கு நினைவுச்சின்னம் யாரும் வைப்பதில்லை. அந்தப் பெரியவரைப்போல நினைவோடு இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பயணத்துக்குப் பின் எங்கள் பாடசாலையில் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். யார் தோண்டியது, எந்த வருடம், எத்தனை முழம், முன்பு எப்படி இறைத்தார்கள், தண்ணீரின் ருசி எப்போது மாறியது. கூடவே, வீட்டின் மூத்தவர் எந்த ஊரில் பிறந்தார், எப்படி இங்கே வந்தார். ஊர்ப் பிள்ளைக்கும் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் கேள்வி ஒன்றுதான். இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்துள்ளன. எழுத்துப் பிழைகள் நிறைய. திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய காணி உறுதிகள், பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்கள், நிக்காஹ் பதிவேடுகள், தோணிக் கணக்குகள், வெளியேற்றத்தின்போது எழுதிய கடிதங்கள் எதுவாயினும் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கக்கூடும். கறையானுக்கு முந்திக்கொண்டு அவற்றைப் பிரதியெடுத்து வையுங்கள், திகதியும் பெயரும் எழுதி வையுங்கள். கற்பிட்டிப் பக்கம் வந்தால் கோட்டையைப் பாருங்கள். அதன்பிறகு களப்போரமாகச் சற்று நடந்து, வள்ளங்கள் வந்து இறங்கிய கரை எதுவென்று அங்குள்ள ஒரு பெரியவரிடம் கேளுங்கள். கையை நீட்டிக் காட்ட அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.